மரத்தடியில் ஒரு கதை, வழியெல்லாம் தமிழ்

(பாலர் பருவப் பிள்ளைகளும் தாய்மொழியும் என்ற பொருளில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் இருக்காது. பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது இந்தப் பழமொழிதான். ஆனால் இது ஒரு செடியைப் பார்த்துப் பிறந்த பழமொழி. இளங்கிளை வளையும், முற்றிய கிளை முறியும். ஒரு கிளையைக் கையால் தொட்டு வளைத்துப் பார்த்திராத பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்?

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் மின்தூக்கி. பிறகு பள்ளிப் பேருந்து அல்லது அப்பாவின் கார். பிறகு குளிரூட்டிய வகுப்பறை. மாலையில் மறுபடியும் கார், மறுபடியும் மின்தூக்கி. அம்மா சமைத்து முடிக்கும்வரை கைப்பேசித் திரை. இந்த ஒரு நாளில் அந்தப் பிள்ளையின் கால் புல்லில் பட்ட நேரம் எவ்வளவு? அதற்கு யாராவது கதை சொன்ன நேரம் எவ்வளவு? அந்தக் கதை தமிழில் இருந்ததா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் உண்டு. வாரத்தில் ஒரு முறையாவது கதையை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லுங்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். பிறகு பிள்ளையோடு மெதுவாகக் கொஞ்ச தூரம் நடங்கள். இந்த உரை கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

வீட்டில் குறைந்துவரும் ஒலி

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொன்னது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தையே வீட்டில் அதிகம் பேசுவோர் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிட்டனர்.

இதற்காக யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம். களைப்போடு வீடு திரும்பும் பெற்றோரின் வாயில் எது எளிதாக வருகிறதோ அதுதான் வரும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் ஒலிக்காத தமிழ், பிள்ளைக்கு ஒரு பாடமாக மட்டுமே அறிமுகமாகிறது. பயிற்சித் தாள், எழுத்துக்கூட்டல், மதிப்பெண் என்ற முகத்தோடுதான் அதைப் பிள்ளை முதலில் சந்திக்கிறது. தொடக்கநிலை ஒன்றுக்குப் போய்விட்டால் நேரமும் சுருங்கிவிடும், துணைப்பாட வகுப்புகளும் வந்துவிடும். தமிழைப் பாடமாக அல்லாமல் வேறு விதமாகச் சந்திக்க ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அதற்கு முந்திய மூன்று நான்கு ஆண்டுகள்தாம்.

பிள்ளை ஒரு மொழியைப் பேசுவதற்கு, அந்த மொழியில் சொல்லியே ஆகவேண்டிய ஏதோ ஒன்று அதனிடம் இருக்க வேண்டும். 'தமிழில் பேசு, தமிழில் பேசு' என்று சோபாவில் உட்காரவைத்து வற்புறுத்தினால் பிள்ளை எதைப் பேசும்? வெளியே அழைத்துப் போனால் பேசுவதற்குப் பொருள் தானாக வந்து எதிரே நிற்கும். எறும்பு வரும், உடும்பு வரும், மழை வரும்.

ஒரே மரத்தடியில் எத்தனை சொல்!

உங்கள் புளோக்கின் கீழே ஒரு மாமரம் நிற்கலாம். பேட்டை மாமரங்கள் பலருக்கும் தெரிந்தவை. அதன் கீழே பிள்ளையை நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். செந்நிறத்தில் மினுமினுப்பாகத் தொங்குவது தளிர். பச்சையாக விரிந்திருப்பது இலை. மஞ்சளானது பழுத்த இலை. காலடியில் காய்ந்து கிடப்பது சருகு. நான்கையும் பிள்ளை ஒரே இடத்தில் பார்த்துவிடும்.

அதே கிளையில் சிறியதாக இருப்பது பிஞ்சு, வளர்ந்தது காய், கனிந்தது பழம். பக்கத்துச் செம்பருத்திச் செடியில் அரும்பு, மொட்டு, பூ. தமிழ் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பட அட்டையில் பத்து முறை காட்டினாலும் சருகுக்கும் இலைக்கும் உள்ள வேறுபாடு பிள்ளையின் மனத்தில் பதிவது கடினம். மிதித்துப் பார்த்தால் ஒரு நொடியில் பதிந்துவிடும். சருகு சரசரக்கும், இலை சரசரக்காது.

அந்தச் 'சரசர'வும் தமிழின் செல்வம். சலசல, சடசட, கீச்கீச், படபட என்று தமிழில் ஒலிகளுக்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வாய்க்கால் சலசலக்கிறது, மழை சடசடவெனக் கொட்டுகிறது, புறா சிறகைப் படபடக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் விளையாட்டுப் பொருள்கள். சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வினைச்சொற்களும் அப்படித்தான். எறும்பு ஊர்கிறது, புழு நெளிகிறது, அணில் தாவுகிறது, குருவி தத்துகிறது, மைனா நடக்கிறது. நம் உணவங்காடி நிலையங்களில் மேசைக்கு மேசை உலவும் மைனாவைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. அது குருவியைப் போலத் தத்தாமல் நம்மைப் போலக் காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கும் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பிள்ளையே உங்களுக்குக் காட்டும்.

பாட்டியும் பேத்தியும் தூங்குமூஞ்சி மரமும்

சிங்கப்பூரின் சாலையோரங்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் குடைபோல விரிந்து நிற்கும் பெரிய மரத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'ரெயின் ட்ரீ' என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த மரம் இது. தமிழர்கள் இதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி மரம். மாலை மங்கும் நேரத்தில் இதன் சிற்றிலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ளும். வானம் இருண்டு மழை வரும்போதும் மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். 'புக்குல் லீமா' என்று, அதாவது ஐந்து மணி மரம் என்று, அவர்கள் பெயர் வைத்தார்கள்.

மாலை ஆறே முக்கால் மணிக்கு ஒரு பாட்டியும் நான்கு வயதுப் பேத்தியும் இந்த மரத்தடியில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"பாட்டி, இந்த மரத்துக்கு என்ன ஆச்சு? இலையெல்லாம் மூடிக்கிச்சு."

"அது தூங்கப் போகுதும்மா. அதான் அதுக்குத் தூங்குமூஞ்சி மரம்னு பேரு."

"காலையில எழுந்திடுமா?"

"நீ பள்ளிக்கூடம் போறப்ப வந்து பாரு. உனக்கு முன்னாடி எழுந்திருக்கும்."

இவ்வளவுதான் உரையாடல். அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் மறுநாள் காலை அந்தப் பிள்ளை மின்தூக்கியிலிருந்து ஓடிவந்து மரத்தை நிமிர்ந்து பார்க்கும். 'எழுந்திருச்சு பாட்டி!' என்று கத்தும். அந்த வாக்கியத்தை யாரும் அதற்கு மனப்பாடம் செய்து கொடுக்கவில்லை.

ஐந்து ஆறு வயதுப் பிள்ளை 'ஏன்' என்று கேட்டால் அதற்கும் விடை இருக்கிறது. இலைக்காம்பின் அடியில் சிறு முண்டு போன்ற பகுதி உண்டு. அதில் நீர் ஏறும்போது இலை விரிகிறது, நீர் வடியும்போது மடிகிறது. புல்வெளியில் படர்ந்திருக்கும் தொட்டாற்சிணுங்கியும் இதே முறையில்தான் சுருங்குகிறது. அதைத் தொட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் அந்த வயதுக்குக் கிடையாது. தண்டில் முள் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கதையின் பாத்திரங்கள் தலைக்கு மேலே

பாட்டி வடை சுட்ட கதையை அறியாத தமிழர் இல்லை. அதைப் படுக்கையறையில் சொல்லலாம். காகம் கரைந்துகொண்டிருக்கும் மரத்தடியிலும் சொல்லலாம். இரண்டாவதில் பிள்ளையின் கண் கதைக்கும் கிளைக்கும் மாறி மாறிப் போகும். 'அந்தக் காகமா?' என்று கேட்கும். 'அதன் தாத்தாவாக இருக்கலாம்' என்று சொல்லுங்கள், கதை வளரும்.

விடிவதற்கு முன் உரக்கக் கூவி நம் பேட்டைகளை எழுப்பிவிடும் குயிலைப் பற்றிப் புகார் சொல்லாதவர் குறைவு. அந்தக் குயில் கூடு கட்டுவதில்லை. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகம் அடைகாத்து, இரையூட்டி, குயில் குஞ்சை வளர்க்கிறது. கூவுகின்ற கரிய பறவை ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். இதைவிடச் சுவையான கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 'காகத்துக்குத் தெரியாதா?', 'குட்டிக் குயில் யாரை அம்மா என்று கூப்பிடும்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி தமிழில் வந்துவிட்டது அல்லவா?

பஞ்சதந்திரத்தில் வரும் குரங்கும் முதலையும் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். என் இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிக்கும் குரங்கு அது. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் குரங்குகளும் உண்டு, நீரில் மிதந்து கிடக்கும் உவர்நீர் முதலைகளும் உண்டு. நடைபாதையை விட்டு இறங்காமல், தடுப்பின் இந்தப் பக்கம் நின்று, அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

பெரிய விலங்குகள் கிடைக்காவிட்டால் முசுறு எறும்பு போதும். இலைகளை வளைத்து ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் செந்நிற எறும்பு அது. வரிசையாக நின்று இலையின் விளிம்பை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்விவந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும். தையற்காரர்கள், நூல்கண்டு, வீடு என்று ஒரு முழுக் கதை அந்தக் கிளையில் இருக்கிறது. கடித்தால் சுரீரென்று வலிக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.

சிவப்பு விதைகளைச் சிந்தும் சாகா மரமும் அப்படித்தான். தமிழில் அதன் விதை மஞ்சாடி எனப்படும். முற்காலத்தில் பொற்கொல்லர்கள் இதை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். தங்கத்தை நிறுத்த விதை என்றால் எந்தப் பிள்ளைக்கும் கண் விரியும். சிறிய பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் புள்ளியுடைய குன்றிமணி வேறு, அது நச்சுள்ளது. அதைத் தொடவே விடாதீர்கள்.

கண்ணுக்கும் நல்லது

மொழிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளின் கிட்டப்பார்வை சிங்கப்பூரின் பெரிய கவலைகளில் ஒன்று. 2001இலேயே தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஆறு, ஏழு வயதுள்ள சீன இனப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஆராய்ந்தார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னியில் 3.3 விழுக்காடுதான். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பதில் இரண்டு நகரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. வாரத்தில் அவர்கள்தாம் அதிகப் புத்தகங்கள் படித்தார்கள். பெரிய வேறுபாடு வெளியே கழித்த நேரத்தில் இருந்தது. சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப்பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2015இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு நடத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் அது 39.5 விழுக்காடு. முழுவதும் தடுக்க முடியவில்லை, ஆனால் குறைக்க முடிந்தது. வெளிப்புற வெளிச்சம் கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தாமதப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்காகக் கொளுத்தும் வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. பகலில் மரநிழலில்கூட அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. தொப்பியும் போட்டுக்கொள்ளலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்கிறது. உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் சொல்கிறது. திரையைப் பிடுங்கிக்கொண்டு சும்மா இரு என்றால் பிள்ளை அழும். அந்த இடத்தில் ஒரு நடையையும் கதையையும் வைத்தால் அழுகை குறையும்.

புதிய வழக்கம் இல்லை

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகினார்கள். ஜெர்மனியில் ஃபுரோபல் 1837இல் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்கு அவர் இட்ட பெயர் 'கிண்டர்கார்ட்டன்'. குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பெயரில் மட்டும் தோட்டத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பது பொருத்தமா?

2007இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆன் ஃபெர்குசன் என்ற பெண்மணி ஒரு நூலகத்துடன் சேர்ந்து ஓர் எளிய முயற்சியைத் தொடங்கினார். படக்கதைப் புத்தகத்தின் பக்கங்களைத் தனித்தனியாக அட்டையில் ஒட்டி, பாதையோரம் வரிசையாக நட்டுவைத்தார். பிள்ளைகள் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தை நோக்கி ஓடினார்கள். 'ஸ்டோரிவாக்' என்ற அந்தக் கதைநடை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பூங்காவில் அட்டை நட அனுமதி வேண்டும். ஆனால் நான்கு பெற்றோர் ஆளுக்கு ஒரு பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையில் இடைவெளிவிட்டு நிற்க எந்தச் செலவும் இல்லை.

எப்படிச் செய்வது?

முதலில், கதை சிறியதாக இருக்கட்டும். ஏழெட்டு நிமிடம் போதும். பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரு வரி அதில் இருந்தால் நல்லது. வெளியே குரல் பரவிப் போய்விடும் என்பதால் பிள்ளைகளை அரைவட்டமாக நெருக்கி உட்காரவையுங்கள். கதை சொல்பவர் வெயிலைப் பார்த்து உட்கார வேண்டும், பிள்ளைகள் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள். சாலையும் விளையாட்டுத் திடலும் பிள்ளைகளின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். புத்தகம் கொண்டுபோனால் காற்றில் பக்கம் புரளாதிருக்க இரண்டு துணிக்கவ்விகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடை. இருநூறு மீட்டர் போதும். பிள்ளையின் வேகத்தில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். 'சீக்கிரம் வா' என்ற சொல்லை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பல பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் துணையாக வரட்டும்.

'இதன் பெயர் என்ன?' என்று தேர்வு வைக்காதீர்கள். 'உனக்கு என்ன தெரிகிறது?', 'எதைப் போல இருக்கிறது?' என்று கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள். 'ஆமாம், நத்தைதான், மெதுவாக ஊர்கிறது' என்று தமிழில் தொடருங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அந்தச் சொல் பிள்ளையின் வாயிலிருந்து தானாக வரும்.

உங்களுக்கே பெயர் தெரியாத மரம் எதிரே நிற்கும். வெட்கப்பட வேண்டாம். நம் ஐந்து வெள்ளித் தாளில் இருக்கும் தெம்புசு மரத்துக்கு அதுதான் பெயர், அப்படியே சொல்லலாம். தெரியாததைத் தாத்தாவுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையையே கேட்கச் சொல்லலாம். பிள்ளை தானே ஒரு தமிழ்ப் பெயர் வைத்தால் இன்னும் நல்லது.

வீடு திரும்பியதும், பார்த்ததில் ஒன்றை வரையச் சொல்லுங்கள். நடைக்கு வராத ஒருவரிடம் அதைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். கதை அங்கேதான் பிள்ளையின் சொந்தக் கதையாகிறது.

வெயில், மழை, கொசு

பெற்றோரின் தயக்கங்கள் நியாயமானவை. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு போனால் வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் இடியுடன் மழை பெய்யும் நாடு இது. இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். வயதுக்கேற்ற கொசுவிரட்டியை மருந்தாளரிடம் கேட்டுப் பூசுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று கதையை வீட்டிலேயே சொல்லலாம்.

தூறல் மட்டும் என்றால் குடையோடு போங்கள். நத்தையும் மண்புழுவும் வெளியே வருவது அப்போதுதான். உடை அழுக்காகும். துவைத்தால் போய்விடும்.

இரண்டு ஒழுங்குகளைப் பிள்ளைக்கு முதல் நாளே கற்றுக்கொடுங்கள். பூங்காக்களில் பூவையோ காயையோ பறிக்கக் கூடாது, கீழே கிடப்பதையும் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். வனவிலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி முதல்முறை மீறினாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். குரங்குகள் உள்ள இடங்களில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அவை பையைக் கண்டால் உணவு என்றே நினைக்கும்.

எங்கே போகலாம்?

நம் பெரியவர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமாயிற்று. அதனுள் 2007இல் திறக்கப்பட்ட ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. பிள்ளை இல்லாமல் வரும் பெரியவருக்கு அங்கே அனுமதி கிடையாது. பிள்ளைதான் பெரியவரை உள்ளே அழைத்துப் போக வேண்டும். அனுமதி இலவசம்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை 2012இல் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். அங்கே நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கலாம். பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலத்தில் மரப்பலகை நடைபாதை உண்டு. சேற்றில் துள்ளும் மீனையும் நண்டையும் அங்கே மேலிருந்தே காணலாம்.

ஆனால் அவ்வளவு தூரம் போக நேரமில்லாத குடும்பங்கள்தாம் அதிகம். இருவரும் வேலைக்குப் போகிறார்கள், சனிக்கிழமையும் வேலை இருக்கிறது. அவர்களுக்கு வீவக புளோக்கின் கீழே நிற்கும் ஒரே ஒரு மரம் போதும். ஒரே மரத்தை வாரந்தோறும் பார்க்கும் பிள்ளைக்கு அது தளிர்ப்பதும் பூப்பதும் உதிர்ப்பதும் தெரியவரும். ஊர் முழுவதும் சுற்றிய பிள்ளைக்கு அந்த அறிவு கிடைக்காது.

தாத்தா பாட்டிமாருக்கும் ஆசிரியர்களுக்கும்

பாலர் பள்ளித் தமிழாசிரியர்கள் வாரத்தில் ஒரு தமிழ் வேளையைப் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள புல்வெளியில் நடத்த முதல்வரிடம் கேட்டுப் பாருங்கள். பாடத்திட்டத்தில் உள்ள பூ, பழம், பறவை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. உதவிக்குப் பெற்றோரையும் தாத்தா பாட்டிமாரையும் அழையுங்கள்.

தாத்தா பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளையின் கணினி உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம், அதன் வீட்டுப்பாடம் புரியாமல் இருக்கலாம். வேப்பம்பூ எப்படி மணக்கும், முருங்கைக் கீரையை எப்படி ஆய்வது, குயிலுக்கு எதிர்க்குரல் எப்படிக் கொடுப்பது என்பவை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் பேரனுக்கு ஈடுகொடுக்க முடியாத தாத்தா, மரத்தடிக்கு வந்தவுடன் அவனுக்கு ஆசானாகிவிடுகிறார். அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சொற்களை உங்களிடமிருந்து கேட்காவிட்டால், அந்தப் பிள்ளை வேறு யாரிடமிருந்து கேட்கும்?

வரும் சனிக்கிழமை காலை ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் புட்டி, உங்களுக்குத் தெரிந்த ஒரு கதை. மற்றதை மரம் பார்த்துக்கொள்ளும்.